பத்து வாதைகளும் கண்ணுக்கு அழகு, படம் ஏன் மனதில் ஒட்டவில்லை?

டைம்லைன் தாசன்:

'தி ரீப்பிங்' பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? 2007-இல் வந்தது. இயக்கம் ஸ்டீபன் ஹாப்கின்ஸ், கதாநாயகி ஹிலாரி ஸ்வாங்க். பைபிளின் யாத்திராகமத்தில் கடவுள் எகிப்தின் மேல் அனுப்பிய பத்து வாதைகளும் இந்தக் காலத்து அமெரிக்காவில், லூசியானா மாநிலத்துச் சதுப்புநிலத்தில் இருக்கும் ஹேவன் என்ற சின்ன ஊரின் மேல் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. முடிவையும் சேர்த்துத்தான் பேசப்போகிறேன். இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன், கேள்வியே அங்கிருந்துதான் வருகிறது. பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங். பதினோரு வருடமாக முகூர்த்தம், ரிசப்ஷன், வளைகாப்பு, காதுகுத்து, சர்ச் கல்யாணம் எதையும் விட்டதில்லை. இந்தப் படத்தைப் போட்டது கதைக்காக இல்லை. கலர் கிரேடிங், அதாவது எடுத்த காட்சியின் நிறங்களைச் சரிசெய்யும் வேலை, செய்யும் நண்பர் ஒருவர் அந்தச் சிவப்பு ஆற்றின் ஸ்டில் ஒன்றை அனுப்பி, "இவ்வளவு சிவப்பு இருந்தும் கத்தாமல் இருக்கிறதே, எப்படி என்று சொல்" என்று கேட்டிருந்தார். ராத்திரி பத்தரைக்கு லேப்டாப்பை டிவியில் மாட்டி உட்கார்ந்தேன். என் மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

படமாக்கலைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது. ஒளிப்பதிவு பீட்டர் லீவி. சிவப்பு ஏன் கத்தவில்லை என்பதும் பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. சுற்றியிருக்கும் பச்சையைக் கொன்றுவிட்டார்கள். மரம், பாசி, புல் எல்லாம் சாம்பல் பூத்த பச்சை. அதற்கு நடுவே ஆறு மட்டும் உயிரோடு இருக்கிற மாதிரி தெரிகிறது. அப்புறம் மரத்திலிருந்து செத்த தவளைகள் தொப் தொப்பென்று தண்ணீரில் விழுகின்றன. அடுப்பில் வாட்டிக்கொண்டிருக்கும் இறைச்சியில் கண் மூடித் திறப்பதற்குள் ஈ மொய்க்கிறது. பேன் வந்து பிள்ளைகளுக்கெல்லாம் வரிசையாக மொட்டை. வெட்டுக்கிளி வரும் காட்சியில் வீட்டைச் சுற்றி இருட்டே பறந்து வருகிறது. ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன், நாற்பதுக்கும் மேல் இருக்கும்.

ஆனால் ஒரு இடத்தில்கூடப் பயம் வரவில்லை. அடுத்து என்ன என்ற பதைப்பும் இல்லை. ஆறு முடிந்ததா, தவளை. தவளை முடிந்ததா, ஈ. கல்யாண வீட்டில் சாமான் லிஸ்ட்டை டிக் அடிக்கிற மாதிரி போய்க்கொண்டிருந்தது. பாதிப் படத்தில் என் மனைவி தலையைத் தூக்கி, "சரி, இவங்ககிட்ட கடவுளுக்கு என்னதான் வேணுமாம்?" என்று கேட்டாள். "முடிவில் சொல்வாங்க" என்றேன்.

சொன்னார்கள். ஊரே சாத்தானைக் கும்பிடுகிற ஊராம். வீட்டில் இரண்டாவதாகப் பிறக்கும் பிள்ளையைப் பலி கொடுக்கிறார்களாம். எல்லாரும் பழி சொல்லும் அந்தச் சின்னப் பெண் உண்மையில் கடவுள் அனுப்பிய தேவதூதர். உதவி கேட்டு கதாநாயகியை அழைத்து வந்த நல்ல மனிதர், பள்ளிக்கூட வாத்தியார், அவர்தான் கூட்டத்துக்குத் தலைவர். கடவுளுக்கு ஊழியம் செய்து விசுவாசத்தை இழந்த ஒருத்தியால்தான் அந்தப் பிள்ளையைக் கொல்ல முடியும், அதனால்தான் கூப்பிட்டார்களாம். கடைசியில் வானத்திலிருந்து நெருப்பு இறங்கி எல்லாரையும் முடித்துவிடுகிறது. இதைக் கேட்டதும் எனக்கு முதுகு சில்லிட்டிருக்க வேண்டும். நானோ, "அப்படியானால் முதல் சீனில் அந்த ஆள் ஏன் அப்படிப் பேசினான்?" என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் பாஷையில் சொன்னால் ஹைலைட்ஸ் ரீல் பிரமாதம், உள்ளே தாலி கட்டுகிற ஷாட்டே இல்லை. என்ன குறைந்தது என்று என்னால் விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. தூக்கக் கலக்கமா, இல்லை படத்தில்தான் ஓட்டையா?


நாசரேத் பெரியப்பா:

தம்பி, படத்தை என் பேரன் போட்டுக் காட்டினான். அவனுக்குத் தவளை பிடித்தது. எனக்கு உங்கள் வீட்டம்மா கேட்ட கேள்வி பிடித்தது.

நான் 34 வருடம் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவன். ஃபிளானல் போர்டில் படம் ஒட்டிச் சொல்வோம். பத்து வாதை வரும் வாரம் எந்தப் பிள்ளையும் வராமல் இருக்காது. நாலாவது வாதைக்கு நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தில் 'வண்டுஜாதிகள்' என்று போட்டிருக்கிறது. படத்தில் ஈ காட்டுகிறார்களே, எங்கள் பிள்ளைகள் கறுப்புக் கறுப்பாகப் பொன்வண்டு சைஸில் வரைந்து கொண்டுவருவார்கள். அது கிடக்கட்டும்.

கடவுளுக்கு என்ன வேண்டும் என்பதுதான் அந்தக் கதையின் முதல் பேச்சே. "என் ஜனங்களைப் போகவிடு." எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த இஸ்ரவேலருக்காக மோசே அரசன் பார்வோனிடம் திரும்பத் திரும்பப் போய் இதையே கேட்கிறார். பார்வோன் மாட்டேன் என்கிறான், வாதை வருகிறது, கெஞ்சுகிறான், வாதை நிற்கிறது, மனம் கடினப்படுகிறது. மறுபடி முதலிலிருந்து. இதில் மூன்றாவதும் ஆறாவதும் ஒன்பதாவதும் மட்டும் முன்னெச்சரிக்கை இல்லாமல் வரும். மற்றதெல்லாம் சொல்லிவிட்டு வருகிற அடி. சொல்லிவிட்டு வருகிற அடிக்குத்தான் பயம் ஜாஸ்தி, அடி வாங்கிய எல்லாருக்கும் தெரியும்.

நீங்கள் சொல்கிற மாதிரி அது லிஸ்ட் இல்லை, பேரம். கவனித்துப் படித்தால் பார்வோன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருவது தெரியும். வண்டு வந்ததும், "இங்கேயே, இந்தத் தேசத்துக்குள்ளேயே பலி கொடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறான். அப்புறம், "சரி போங்கள், அதிக தூரம் போகாதீர்கள்." வெட்டுக்கிளி என்றதும், "ஆண்கள் மட்டும் போங்கள்." இருட்டு வந்த பிறகு, "பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆடுமாடு மட்டும் இருக்கட்டும்." சந்தையில் மாடு பிடிக்கிறவன் தோற்றான். கடைசி ராத்திரி மூத்த பிள்ளை செத்தபின் மோசேயையும் ஆரோனையும் கூப்பிட்டு, எல்லாரும் போங்கள், என்னையும் ஆசீர்வதியுங்கள் என்று கேட்கிறான். அந்த ஒரு வரிக்கு வரும்போது என் குரல் ஒவ்வொரு வருடமும் இடறும். எதிரிதான், ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன்.

பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தவளை வாதையில் ஒரு இடம் இருக்கிறது. அடுப்பிலும் படுக்கையிலும் மாவு பிசைகிற தொட்டியிலும் தவளை. பார்வோன் கெஞ்சுகிறான். எப்போது நீங்க வேண்டும் என்று மோசே கேட்கிறார். பார்வோன் சொல்கிறான்: "நாளைக்கு." இப்போதே என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? இன்னும் ஒரு ராத்திரி தவளைகளோடு படுக்கத் தயாராக இருக்கிறான், அவ்வளவு வீம்பு. பிள்ளைகள் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிக்கும். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் சிரித்துவிட்டு அமைதியாகிவிடும். உங்கள் படத்தில் தவளை ஆயிரம் விழுகிறது, 'நாளைக்கு' என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. ஹேவன் ஊர்க்காரர்களிடம் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை, அவர்கள் மறுக்கவும் இல்லை.


கொறிக்க கடலை:

பெரியப்பா, மன்னிக்கணும். பேய்ப்படத்துக்கு எதுக்கு பேரம்? வெள்ளிக்கிழமை ராத்திரி, கையில் கடலை, திரையில் வெட்டுக்கிளி. எனக்குப் போதும். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும் படத்தில் பத்து வாதையும் காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எட்டு பத்து நிமிஷம்தான் வரும், இதில் எங்கே உட்கார்ந்து பேசுவது? 1956-இல் வந்த பிரமாண்டமான மோசே படத்திலேயே பத்தையும் காட்டவில்லை, சிலதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்தியது, அதை யாரும் சொல்லவில்லை. கதாநாயகி ஏன் விசுவாசத்தை விட்டாள்? சூடானுக்கு ஊழியத்துக்குப் போன இடத்தில், மழை இல்லாததற்கு இவர்கள்தான் காரணம் என்று அங்கிருப்பவர்கள் அவள் புருஷனையும் மகளையும் பலி கொடுத்துவிடுகிறார்கள். ஒரு தேசத்து மக்களையே நரபலிக்காரர்களாக ஒரு ஃபிளாஷ்பேக்கில் காட்டி, அடுத்த நிமிஷம் லூசியானாவுக்கு வந்துவிடுகிறார்கள். ஏதோ அவள் சோகத்துக்குப் பின்னணித் துணி தொங்கவிட்ட மாதிரி.


மாட்டு டாக்டர்:

கடலை சொன்ன சூடான் விஷயத்துக்கு என் ஓட்டும் உண்டு.

நான் அரசுக் கால்நடை மருந்தகத்தில் இருக்கிறேன், தர்மபுரிப் பக்கம். இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது ஒரே காட்சி. அதில் வாதையே இல்லை, வெறும் பேச்சு. கதாநாயகி பல்கலைக்கழகப் பேராசிரியை. இதுவரை 48 அற்புதங்களை ஆராய்ந்து 48-க்கும் அறிவியல் காரணம் கண்டுபிடித்தவள். பத்து வாதைகளையும் அவள் ஒரே மூச்சில் விளக்குகிறாள். ஆற்றில் பாசி பெருகி தண்ணீர் சிவந்தது. மீன் செத்தது. தவளை முட்டையைத் தின்ன மீன் இல்லாததால் தவளை பெருகிக் கரையேறிச் செத்தது. அழுகிய தவளையில் பேனும் ஈயும் வந்தன. பேன் நீலநாக்கு நோயைக் கொண்டுவந்து ஆடுமாடு போயிற்று. ஈ கொண்டுவந்த கிருமியால் மனிதருக்குக் கொப்புளம். அப்புறம் மணற்புயல், இருட்டு, ஆலங்கட்டி, காற்றடித்துக் கொண்டுவந்த வெட்டுக்கிளி. ஈரமும் எச்சமும் பட்ட தானியத்தில் பூஞ்சை விஷம். வீட்டில் மூத்தபிள்ளைக்குத்தான் பெரிய பங்கு, அதனால் மூத்தது செத்தது.

தொழில்ரீதியாக இதில் நான் குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் தூக்கம் வராது. நீலநாக்கு பேனால் பரவாது. கியூலிகாய்டஸ் என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு கடிக்கும் பூச்சி, அதுதான் பரப்பும். நம்மூரில் வடகிழக்குப் பருவமழை சமயத்தில் செம்மறி ஆட்டுக்காரர்களைக் கேளுங்கள். உதடு வீங்கும், வாயெல்லாம் புண், மூக்கு ஒழுகும், நொண்டும். மாட்டுக்கு வந்தால் பெரும்பாலும் வெளியே தெரியவே தெரியாது. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறையில் தொற்றுநோய் நிபுணராக இருந்த ஜான் மார், கர்ட்டிஸ் மல்லாய் இருவரும் 1996-இல் எழுதிய கட்டுரையில், மூன்றாவது வாதையே இந்தக் கடிக்கும் பூச்சிதான் என்று சொன்னார்கள். மூத்தபிள்ளை, பூஞ்சை விஷம் என்பதும் அதில் இருக்கிறது. பாசி பற்றிய யோசனை அதற்கும் முந்தையது, 1957-இல் கிரேட்டா ஹார்ட் எழுதியது. படத்தில் பூச்சி பேனாகிவிட்டது. போகட்டும், அவளே வெட்டுக்கிளியைக் கெய்ரோ நகரத்துக்குள் கொண்டுவந்து விடுகிறாள். கெய்ரோ கட்டப்பட்டதே கி.பி. 969-இல்!

ஆனால் இதைக் கவனியுங்கள், தாசன். அந்த விளக்கம் கேட்க ஏன் அவ்வளவு நன்றாக இருக்கிறது? ஒன்றால் ஒன்று வருகிறது. மீன் செத்ததால் தவளை, தவளை செத்ததால் ஈ. பெரியப்பா சொன்ன வேதக் கதையிலும் அப்படித்தான், அவன் மறுத்ததால் இது. ஒன்று இயற்கையின் கணக்கு, இன்னொன்று வீம்பின் கணக்கு. படத்தில் வரும் வாதைகளுக்கு இரண்டு கணக்கும் இல்லை. தண்ணீரைச் சோதித்து மனித ரத்தம் என்று தெரிந்த நிமிடமே அறிவியல் கணக்கு முடிந்துவிட்டது. அதற்குப் பதில் வேறொரு கணக்கு தொடங்கியிருக்க வேண்டும், தொடங்கவில்லை. அதற்கப்புறம் ஒரு மாடு வெறிபிடித்து முட்டுகிறது. முட்டாவிட்டாலும் கதையில் எதுவும் மாறியிருக்காது.


பேயூ பையன்:

லூசியானாவின் பேட்டன் ரூஜிலிருந்து எழுதுகிறேன், இங்கே முனைவர் பட்டத்துக்கு வந்து நாலாவது வருடம். எல்லாரும் இவ்வளவு அடித்தால் படத்துக்காகப் பேச ஒரு ஆளாவது வேண்டாமா?

படப்பிடிப்பு இங்கேயும் பக்கத்தில் செயின்ட் பிரான்சிஸ்வில்லிலும்தான் நடந்தது. ஆகஸ்ட் 2005-இல் கத்ரீனா புயல் வந்து நடுவில் நிறுத்தினார்கள், பிறகு திரும்பவும் இங்கேயே வந்து எடுத்தார்கள். தாசன் அண்ணே, சாம்பல் பூத்த பச்சை என்றீர்களே, அதில் பாதி கிரேடிங் இல்லை. சைப்ரஸ் மரங்களில் தாடி மாதிரித் தொங்குகிறதே, ஸ்பானிஷ் மாஸ், அதன் நிறமே அதுதான். பெயரில்தான் பாசி, உண்மையில் அது அன்னாசிக் குடும்பத்துச் செடி. சாயங்காலம் ஐந்தரைக்குச் சதுப்பு ஓரமாக வண்டியை நிறுத்திப் பார்த்தால் இலையும் தண்ணீரும் ஒரே நிறத்தில் இருக்கும். பூச்சி வாதையும் இங்கே புதிதில்லை. மே மாதமும் செப்டம்பரிலும் லவ்பக் என்று ஒரு பூச்சி ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டு பறக்கும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டினால் கார் முகப்பே கறுப்பாகிவிடும். முதல் வருடம் அதைத் துடைத்துத் துடைத்து பெயின்டைக் கெடுத்துக்கொண்டேன்.

அதனால் அந்த ஊரைப் பொய் ஊர் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அந்தப் பெண் பிள்ளை, அன்னாசோபியா ராப், பேசாமல் பார்க்கிற பார்வை ஒன்று போதும் எனக்கு.

சரி, புகழ்ந்தாயிற்று. இனி என் புகார். பேட்டன் ரூஜுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் நடுவே மிசிசிப்பி ஆற்றங்கரையில் சுமார் 85 மைல் நீளத்துக்கு ரசாயன ஆலைகள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். 'புற்றுநோய்ச் சந்து' என்றே அதற்குப் பெயர். இங்கே ஆறு சிவந்தால் முதல் ஆள் சந்தேகப்படுவது சாத்தானையும் இல்லை, சாமியையும் இல்லை, ஆலையைத்தான். படத்தின் ஆரம்பமே சிலியில் நடக்கிறது. அழுகாத உடலை அற்புதம் என்று கும்பிடுகிற மக்களிடம், இது நச்சுக்கழிவால் வந்தது என்று கதாநாயகி நிரூபிக்கிறாள். என்ன அருமையான தொடக்கம்! அந்த நூலை லூசியானாவுக்கு இழுத்து வந்திருந்தால் கடைசி வரை ஆலையா ஆண்டவரா என்று நம்மைத் தவிக்கவிட்டிருக்கலாம். எடுத்தவர்களோ தவளையைக் கொட்ட அவசரப்பட்டார்கள்.

இன்னொன்று. திரைக்கதை எழுதிய கேரி ஹேய்ஸ், சாட் ஹேய்ஸ் சகோதரர்கள்தான் 2013-இல் 'தி கான்ஜுரிங்' எழுதினார்கள். அதில் கண்ணைக் கட்டிக்கொண்டு கைதட்டல் சத்தத்தைத் தேடும் விளையாட்டு வருமே. பகலில் பிள்ளைகள் சிரித்து விளையாடுவதைக் காட்டி, நமக்கு விதி புரிந்தபின் இருட்டில் யாரோ கைதட்டுகிறார்கள். இரண்டு கை, ஒரு சத்தம், தியேட்டரே அலறியது. அதே ஆட்கள் இங்கே வானம், ஆறு, பூச்சி எல்லாம் கையில் வைத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள்.


கொறிக்க கடலை:

அந்தக் கைதட்டலுக்கு நான் கடலைப் பொட்டலத்தைக் கீழே போட்டேன், மறுக்கவில்லை. சரி, பெரியப்பா பக்கம் அரை அடி நகர்கிறேன்.


டைம்லைன் தாசன்:

எல்லாருக்கும் நன்றி. பெரியப்பா எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். 'நாளைக்கு' என்ற இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாத்ரூம் குழாய் மூன்று மாதமாக ஒழுகுகிறது, அது தனிக் கதை.

சனிக்கிழமை ராத்திரி ரெண்டு பேரும் மறுபடி படத்தைப் போட்டோம். முழுக்க இல்லை, டாக்டர் சொன்ன பேச்சுக் காட்சியும் வாதைக் காட்சிகளும் மட்டும். முடிவு தெரிந்த பிறகு பார்க்கும்போது எனக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது, பெருமை அவளுக்குத்தான். ஆறு சிவந்து ஊர்க்காரர்கள் கரையில் கூடி நிற்கிற ஷாட்டில் ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தினாள்.

"இவங்களுக்கு இப்பவே தெரியும்ல?"

"என்னது?"

"ஏன் சிவந்துச்சுன்னு. பிள்ளையைக் கொன்ன கை இவங்க கை. இந்தத் தண்ணியப் பார்த்ததும் வயிறு கலங்கியிருக்கும்ல? ராத்திரி வீட்டுக்குப் போய் புருஷன் பெண்டாட்டி என்ன பேசியிருப்பாங்க? அந்த வீட்டுக்குள்ள கேமராவை வைக்காம இந்த வாத்தியாரம்மா பின்னாடியே சுத்திக்கிட்டு இருக்காங்க."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெரியப்பா, பார்வோன் இல்லை என்றீர்களே, ஊரே பார்வோன்தான். ஊர் முழுக்க இருந்தும், கடைசிப் பத்து நிமிடத் திருப்பத்துக்காக அவர்களை ஒளித்துவைத்துவிட்டார்கள். ஆறு சிவந்த அன்றைக்கே ஒரு தகப்பன் கதவைச் சாத்திவிட்டு, மிச்சமிருக்கும் ஒற்றைப் பிள்ளையைப் பார்க்கிற ஷாட் ஒன்று இருந்திருந்தால், அடுத்து வருகிற தவளைக்கு நான் நடுங்கியிருப்பேன். தவளையைக்கூடக் காட்ட வேண்டாம், சத்தம் போதும். எங்கள் வேலையிலும் இது நடக்கும். மண்டபம், பூ, டிரோன் ஷாட் எல்லாம் எடுத்திருப்பான் கேமராமேன். தாலி ஏறும்போது பெண்ணின் அப்பா முகத்தைத் தேடினால் இருக்காது, அவன் அந்த நேரம் சீரியல் பல்பைப் படம் பிடித்துக்கொண்டிருப்பான்.

பேயூ தம்பி, பாசி பற்றிச் சொன்னதற்கு நன்றி. கிரேடிங் என்று நினைத்து அந்தப் பச்சையைக் கொண்டுவர மூன்று நாள் மல்லுக்கட்டினேன், செடியே அப்படியா! கோபம்கூட வருகிறது.


நாசரேத் பெரியப்பா:

அம்மாவிடம் சொல்லுங்கள் தம்பி, எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளிக்கு ஆள் குறைவு. ஃபிளானல் போர்டு பத்திரமாக இருக்கிறது. தவளை மட்டும் ரெண்டு தொலைந்துவிட்டது.


மாட்டு டாக்டர்:

தாசன், அந்த மூன்று நாள் மல்லுக்கட்டு கடைசியில் என்ன ஆயிற்று? சொல்லாமல் போய்விட்டீர்களே.


டைம்லைன் தாசன்:

அதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

போன வாரம் ஒரு கல்யாணம் டெலிவரி. தாமிரபரணிக் கரையில் அவுட்டோர் எடுத்திருந்தோம். பெண் அரக்குச் சிவப்புப் பட்டு. சுற்றிலும் வயல், வாழை, மருத மரம். இந்தப் படத்தின் பச்சையை அப்படியே தூக்கிப் போட்டேன். சிவப்பு மட்டும் தனியே எழுந்து நின்றது. என் வேலையில் இவ்வளவு நல்ல ஃபிரேம் வந்ததே இல்லை என்று நானே சொல்லிக்கொண்டேன்.

பெண்ணின் அம்மா வீட்டு டிவியில் போட்டுப் பார்த்துவிட்டு போன் செய்தார்கள். "பிள்ளை அழகா இருக்கா தம்பி. எங்க ஊர் ஏன் செத்துக் கிடக்கு?"

இப்போது பச்சையைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறேன். வாழைத்தோப்பு மட்டும் பாக்கி.